பகுபடும் எண்ணும் பகாத எண்ணும்

ஒரு ரூபாயை மூன்று சிறுவர்க்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நாணய முறையில் இஃது இயலாத செயல். ஆளுக்கு 33 பைசா கொடுத்தால் ஒரு பைசா எஞ்சி நிற்கும். அந்த ஒரு பைசாவை மூன்றாகப் பிளக்க வழியில்லை. ஆனால் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன் இதே கணக்கைக் கொடுத்திருந்தால் நம் முன்னோர் சிறிதும் தயங்காமல் விடை சொல்லியிருப்பர். அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. ஆகவே ஒரு ரூபாய் என்பது 192 பை. அதனை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 64 பை, அதாவது 5 அணா 4 பை கிடைக்கும். மீதி ஏதுமில்லை.

மாணவ நண்பர்களே, இங்கே பங்கு கேட்ட சிறுவர்களும் மாறவில்லை. பங்கிடப்பட்ட ரூபாயும் மாறவில்லை. எண் ஒன்றே மாறியது. 192 என்னும் எண்ணுக்குள் மூன்று முழுமையாக அடங்குகிறது. 100 என்னும் எண்ணுக்குள் அடங்கவில்லை. ஓர் எண்ணுக்குள் எவ்வெவ் எண்கள் அடங்கியுள்ளன, ஒன்றுமே அடங்காத எண்கள் எவை, அவற்றை எவ்வாறு இனங்காண்பது என்பனவற்றையே இன்று நாம் ஆராயப் போகிறோம். தாளும் எழுதுகோலும் கையில் இருந்தால் நன்று.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி எனப்படும். அவ்வாறு வகுபடும் எண், வகுத்த எண்ணின் மடங்கு எனப்படும். 3 என்பது 192இன் காரணி என்று சொன்னாலும், 192 என்பது 3இன் மடங்கு என்று சொன்னாலும் பொருள் ஒன்றே. தந்தை மகன் உறவை யார் வாயால் சொன்னாலும் உறவு ஒன்றுதான் அன்றோ? ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஓர் எண்ணின் மடங்குகளுக்கு முடிவே கிடையாது; 3, 6, 9, 12 என்று அவை சென்றுகொண்டே இருக்கும். காரணிகளோ எண்ணி முடிக்கத்தக்கவை.

காரணிகளைத் தவறவிடாமல் எழுதுவதற்கு ஒரு நல்ல முறை, அவற்றை இணை இணையாக எழுதுவது. 192ஐ எடுத்துக்கொள்வோம். 1ஐ 192ஆல் பெருக்கினால் 192. இது முதல் இணை. பின்னர் 2உம் 96உம், 3உம் 64உம், 4உம் 48உம், 6உம் 32உம், 8உம் 24உம், 12உம் 16உம். அணாவிலும் பையிலும் வழங்கிய அந்த 12உம் 16உமே இறுதி இணையாக வந்து நிற்பதைக் காண்க. இணையின் சிறிய எண் வளர வளரப் பெரிய எண் குறைகிறது; இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. 12ஐத் தாண்டிச் சென்றால் 16 வரும். ஆனால் அதனை முன்னரே எழுதிவிட்டோம். ஆகவே பட்டியல் முற்றுப்பெற்றது. மொத்தம் 14 காரணிகள். இந்த நெருங்கிவரும் இயல்பை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பெருந்துணையாக வரும்.

பட்டியல் எழுதாமலே காரணிகளின் தொகையைக் கணக்கிடவும் வழியுண்டு. 192 என்பது ஆறு இரண்டுகளையும் ஒரு மூன்றையும் பெருக்கி வந்த எண். அதன் காரணி ஒன்றை ஆக்கும்போது, இரண்டுகளில் ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம். ஒன்று முதல் ஆறு வரை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இவ்வாறு ஏழு வழிகள். மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். ஏழை இரண்டால் பெருக்க 14. இதே முறையில் 100ஐப் பாருங்கள். அது இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும் சேர்ந்தது. மூன்றை மூன்றால் பெருக்க, 9 காரணிகளே கிடைக்கின்றன. பதின்மக் கணக்கில் வசதி பெற்றோம். பங்கிடும் வசதியில் சிறிது இழந்தோம்.

இவ்வாறு தன்னினும் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு மிகுந்த காரணிகளைப் பெற்ற எண்களைப் பற்றிச் சீனிவாச இராமானுசன் விரிவான ஆராய்ச்சி ஒன்றை எழுதினார். 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அது வந்தது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்லும். 60க்கு 12 காரணிகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு மணியை 60 நிமிடமாகவும் பகுத்துக்கொண்ட பழைய வழக்கம் பங்கிடுவதற்கு எத்துணை வசதியானது என்பதை இப்போது உணரலாம்.

இனி மடங்குகளின் பக்கம் சிறிது திரும்புவோம். வியாழன் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். இன்று இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து தோன்றின என்றால், மீண்டும் இரண்டும் அதே இடத்திற்கு ஒருசேர வந்து நிற்பது எப்போது? 12இன் மடங்குகளை எழுதுங்கள்; 12, 24, 36, 48, 60. 30இன் மடங்குகளை எழுதுங்கள், 30, 60. இரண்டிற்கும் பொதுவான மடங்குகளுள் மிகச் சிறியது 60. பிரபவ முதல் அட்சய வரை எண்ணும் நம் ஆண்டு வட்டத்தின் அளவும் அதுவே.

12உம் 30உம் 6 என்னும் பொதுக் காரணி உடையன. ஆதலால் அவை 360 ஆண்டுகள் காத்திராமல் 60 ஆண்டுகளிலேயே சந்திக்கின்றன. பொதுக் காரணி ஏதுமில்லாத எண்கள் அவ்வளவு எளிதில் சந்திப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவகைச் சிள்வண்டுகள் உள்ளன. அவை மண்ணுக்குள்ளேயே நெடுங்காலம் வளர்ந்து, சில கூட்டங்கள் 13 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், சில கூட்டங்கள் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வெளிவருகின்றன. 13க்கும் 17க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே அவற்றின் மிகச் சிறிய பொது மடங்கு, இரண்டையும் பெருக்கி வரும் 221 ஆகும். குறிப்பிட்ட இரண்டு கூட்டங்கள் 1803ஆம் ஆண்டு ஒன்றாக வெளிவந்தன. அதற்குப்பின் அவை ஒருசேர வெளிவந்தது 2024ஆம் ஆண்டிலேதான். கழித்துப் பாருங்கள், சரியாக 221.

13, 17 போன்ற எண்கள் தனியியல்பு வாய்ந்தவை. 1ஆலும் தம்மாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் அவை மீதியின்றி வகுபடா. இத்தகைய எண்ணே பகா எண். வேறு காரணிகளும் உடையது பகு எண். 1 என்னும் எண் இரண்டு வகையிலும் சேராது. அதனை ஏன் பகா எண் என்று சொல்லக்கூடாது என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. 12 என்னும் எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதச் சொன்னால், இரண்டு, இரண்டு, மூன்று என்று ஒரே ஒரு வகையில்தான் எழுத முடியும். எல்லா எண்களுக்கும் இந்த ஒருமைப்பாடு உண்டு. 1ஐயும் பகா எண்ணாகக் கொண்டால், அதனை வேண்டுமளவு முன்னே சேர்த்து எத்தனையோ வகையாக எழுதலாம், ஒருமைப்பாடு அழிந்துவிடும். அதனால்தான் 1ஐ ஒதுக்கி வைத்தனர்.

பகா எண்களைத் திரட்டுவதற்குக் கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் நூலகத் தலைவராக விளங்கிய எரதோசுதனீசு ஒரு சல்லடை முறையை வகுத்தார். 2 முதல் 50 வரை எழுதுங்கள். 2ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளையெல்லாம் அடித்துவிடுங்கள். அடுத்து அடிபடாது நிற்பது 3. அதனை விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். அவ்வாறே 5, 7. இந்த நான்கு எண்களோடு வேலை முடிந்தது. எஞ்சி நிற்கும் 15 எண்களும் பகா எண்கள். மடங்குகளைக் களைந்தால் பகா எண்கள் தாமே தங்குகின்றன.

இவை எங்கேனும் ஓரிடத்தில் முடிந்துவிடுமா? முடியா என்று யூக்கிளிடு கிறித்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் நிறுவிக் காட்டினார். பகா எண்கள் இவ்வளவே என்று ஒருவர் ஒரு பட்டியலை நீட்டுகிறார் என்க. அவற்றையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணைப் பட்டியலிலுள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் 1 மீதி வரும். ஆகவே அதன் பகாக் காரணி எதுவாயினும் அது பட்டியலுக்கு வெளியே உள்ளது. எடுத்துக்காட்டாக, 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031 வரும். இது பகா எண் அன்று. 59ஐ 509ஆல் பெருக்கிய எண். ஆனால் 59உம் 509உம் பட்டியலில் இல்லாத புதியவை என்பதே இங்கு வேண்டுவது.

இப்போது முதன்மையான வினாவுக்கு வருவோம். ஓர் எண்ணைக் கொடுத்து, இது பகா எண்ணா என்று கேட்டால் என்ன செய்வது? 91 பகா எண்ணா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சிலர் 2, 3, 5 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்துவிட்டு, காரணி எதுவும் காணவில்லை, ஆகவே இது பகா எண்தான் என்று விடை கூறிவிடுவர். 91 என்பது 7ஐ 13ஆல் பெருக்கிய எண். அவர்கள் செய்த பிழை வகுத்தலில் நேர்ந்த பிழை அன்று. காணவில்லை என்பதை இல்லை என்று கொண்டதே பிழை. காணாமை வேறு, இல்லாமை வேறு. எண்ணியல் நமக்குக் கற்பிக்கும் பெரும் பாடம் இந்த வேறுபாடே ஆகும்.

காணாமையை இல்லாமையாக உறுதிப்படுத்துவது எவ்வாறு? முன்னர் மனத்தில் நிறுத்தச் சொன்ன இணைகளை நினைவு கூருங்கள். ஓர் எண் பகு எண்ணாயின் அதன் காரணிகள் இணையாக வரும். இணையின் இரண்டு எண்களுமே அதன் வர்க்கமூலத்தினும் பெரியவாக இருத்தல் இயலாது. இருந்தால் பெருக்கம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே காரணி இருக்குமாயின் ஒன்றேனும் வர்க்கமூலத்திற்குள் அகப்பட்டே தீரும். அந்த எல்லைவரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எல்லைவரை தேடியும் அகப்படவில்லை என்றால், அதன்பின் இல்லை என்று துணிந்து கூறலாம். தேடலுக்கு ஓர் எல்லை வகுத்ததனாலேயே ஐயம் உறுதியாயிற்று.

நாணயம் மாறிய 1957ஆம் ஆண்டையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். 44இன் வர்க்கம் 1936; 45இன் வர்க்கம் 2025. ஆகவே 43 வரையுள்ள பதினான்கு பகா எண்களே போதும். இறுதி இலக்கம் 7. ஆதலால் 2உம் 5உம் விலகின. இலக்கங்களைக் கூட்டினால் 22. அது 3ஆல் வகுபடாததால் 3உம் விலகிற்று. 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒருசேரச் சோதிக்க ஒரு நயமான வழி இருக்கிறது. அவை மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே 1957இலிருந்து 1001ஐக் கழித்து 956ஐ மட்டும் சோதித்தால் போதும். 7ஆல் வகுக்க 4 மீதி; 11ஆல் வகுக்க 10 மீதி; 13ஆல் வகுக்க 7 மீதி. மூன்றும் விலகின. 17ஆல் வகுக்க 2 மீதி. 19ஆல் வகுத்தால் மீதியின்றி 103 வருகிறது. ஆகவே 1957 பகு எண்.

2003ஐ எடுத்துக்கொண்டால் எல்லை அதே 43தான். 1001இன் இரு மடங்கு 2002; ஆகவே 2, 7, 11, 13 ஆகிய நான்கினாலும் வகுக்க 1 மீதி வரும் என்பது பார்த்த அளவிலேயே தெரிகிறது. 3உம் 5உம் வகுக்கமாட்டா. எஞ்சிய 17, 19, 23, 29, 31, 37, 41, 43 ஆகியவற்றால் முறையே வகுத்தால் 14, 8, 2, 2, 19, 5, 35, 25 என மீதிகள் வருகின்றன. எல்லையை அடைந்துவிட்டோம். 2003 பகா எண் என்பது இப்போது கருத்தன்று, நிறுவப்பட்ட உண்மை.

பேரறிஞர்களும் இந்த இடத்தில் இடறியதுண்டு. பிரான்சு நாட்டுப் பெர்மா 17ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த எண்ணியல் அறிஞர். 3, 5, 17, 257, 65537 என்னும் வரிசை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துத் தன்னாலேயே பெருக்கி மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இவ்வைந்தும் பகா எண்கள். ஆகவே இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் நம்பினார். ஆறாவது எண் 4294967297. அதனை 641 என்னும் எண் மீதியின்றி வகுக்கிறது என்று 1732ஆம் ஆண்டு ஆய்லர் காட்டினார். 6700417ஐ 641ஆல் பெருக்கிப் பாருங்கள். இந்த எண்ணுக்குக் காரணி இருக்குமாயின் அது 64இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்ற விதியையும் ஆய்லர் பின்னர் விளக்கினார். அவ்வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641, ஐந்தாவதே விடை. கண்மூடித் தேடினால் 641ஐ அடையும்வரை 116 பகா எண்களால் வகுக்க வேண்டும்; விதியறிந்து தேடினால் ஐந்து வகுத்தல்களே போதும். மடங்கைப் பற்றிய அறிவு காரணியைத் தேட உதவுவதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

இதனினும் வியப்பான வரலாறு ஒன்று உண்டு. மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு பட்டியல் தந்தார். 2ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் வரும் என்பது அப்பட்டியல். 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணையும் பகா எண் என அவர் அதில் சேர்த்திருந்தார். அஃது 21 இலக்கங்கள் கொண்டது: 147573952589676412927. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அக்கூற்று நின்றது. 1876ஆம் ஆண்டு லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆனால் அதன் காரணி ஒன்றையேனும் அவர் காட்டவில்லை. பகா எண்ணுக்கு இருந்தே தீர வேண்டிய ஓர் இயல்பு இந்த எண்ணுக்கு இல்லை என்று காட்டினார், அவ்வளவே. காரணி உண்டு என்பது உறுதி. அஃது எது என்பது தெரியாது. காணாமை வேறு, இல்லாமை வேறு என்றேனே, அதற்கு இதுவே தலையாய எடுத்துக்காட்டு.

1903ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்கு நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் தம் முறை வந்ததும் கரும்பலகையை அணுகினார். ஒரு சொல்லும் பேசாமல் 2இன் 67ஆம் அடுக்கைப் பெருக்கி ஒன்றைக் கழித்து எழுதினார் என்றும், பின்னர் பலகையின் வேறிடத்தில் 193707721ஐயும் 761838257287ஐயும் எழுதிப் பெருக்கிக் காட்டினார் என்றும், இரண்டு விடைகளும் ஒத்திருக்கக் கண்ட அவை கைதட்டி மகிழ்ந்தது என்றும் கூறுவர். இதனைக் காண எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர்க் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என அவர் விடையிறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இந்த எண்ணின் காரணி 134இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்ற விதி தேடலைச் சுருக்கத் துணைபுரியும். ஆயினும் கண்டறிந்த சிறிய காரணிக்குள் 134 என்பது 14,45,580 தடவை அடங்கியிருக்கிறது என்றால், தேடலின் கடுமையை நீங்களே உணரலாம். பெருக்கிச் சரிபார்க்கச் சில நிமிடங்கள். பிரித்துக் காணச் சில ஆண்டுகள்.

காரணியைத் தேடாமலே ஓர் எண்ணைச் சோதிப்பது எவ்வாறு முடிகிறது? அதற்கு வழிகாட்டியவரும் பெர்மாவே. 1640ஆம் ஆண்டு அவர் ஓர் அரிய உண்மையைத் தெரிவித்தார். 2ஐத் தவிர்த்த பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனினும் ஒன்று குறைந்த தடவை 2ஐப் பெருக்கினால், வரும் எண்ணை அப்பகா எண்ணால் வகுக்க எப்போதும் 1 மீதி வரும். 7ஐப் பாருங்கள். ஆறு இரண்டுகளைப் பெருக்க 64. அதனை 7ஆல் வகுக்க 1 மீதி. 9ஐப் பாருங்கள். எட்டு இரண்டுகளைப் பெருக்க 256. அதனை 9ஆல் வகுக்க 4 மீதி. ஆகவே 9 பகா எண் அன்று. இதனை அறிய மூன்றால் வகுக்கவே இல்லை. எண் மிகப் பெரியதாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதனைத் தன்னாலேயே பெருக்கிச் சென்றால், 1000 இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கும் சில ஆயிரம் பெருக்கல்களே போதும்.

ஆனால் இந்தச் சோதனையை முழுதும் நம்பலாமா? 1 மீதி வரவில்லை என்றால் அது பகு எண்தான், ஐயமில்லை. 1 மீதி வந்தால்? 341ஐப் பாருங்கள். பத்து இரண்டுகளைப் பெருக்க 1024, அது 341இன் மும்மடங்கினும் ஒன்று கூடியது, மீதி 1. ஆகவே 340 இரண்டுகளைப் பெருக்கினாலும் மீதி 1தான். ஆயினும் 341 என்பது 11ஐ 31ஆல் பெருக்கிய பகு எண். பகா எண்ணின் வேடம் புனைந்து அது நம்மை ஏமாற்றுகிறது. 2க்குப் பதிலாக 3ஐ வைத்துச் சோதித்தால் 341இன் வேடம் கலைந்துவிடும். ஆனால் எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் வேடம் கலையாத எண்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று, நீங்கள் அனைவரும் கேள்விப்பட்டிருக்கும் 1729.

நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற பேராசிரியர் ஆர்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் சொன்னபோது, இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று இராமானுசன் உடனே உரைத்த வரலாறு புகழ்பெற்றது. அந்த எண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 7, 13, 19 ஆகியவற்றைப் பெருக்க 1729. அவற்றினும் ஒன்று குறைந்தவை 6, 12, 18. இம்மூன்றும் 1729இனும் ஒன்று குறைந்த 1728இன் காரணிகள். அதனால்தான், 1729உடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1 மீதி வந்துவிடுகிறது. இத்தகைய எண்களை ஆராய்ந்த கார்மைக்கேல் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயரால் இவை வழங்குகின்றன. இவற்றுள் மிகச் சிறியது 561. இவை முடிவற்றவை என்பதும் 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

பிற்காலத்தில் இன்னும் கூர்மையான சோதனைகள் தோன்றின. மில்லர், ராபின் என்னும் இருவர் பெயரால் வழங்கும் சோதனையில், பகு எண் ஒன்று ஒருமுறை நம்மை ஏமாற்றும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாது. பலமுறை சோதித்தால் அவ்வாய்ப்பு மிக மிகச் சிறிதாகிவிடும். நடைமுறைக்கு இது போதும். ஆனால் மிகச் சிறிது என்பது இல்லை என்பதாகாது அன்றோ? ஐயத்திற்குச் சிறிதும் இடமின்றி, அதே வேளையில் இலக்கங்களின் தொகைக்கு ஏற்ற அளவான படிகளில், எந்த எண்ணையும் சோதிக்கும் பொதுமுறை உண்டா என்ற வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. அதற்கு விடை 2002ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இந்தியாவிலிருந்து வந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் மூவர் அம்முறையை அறிவித்தனர். அவருள் பின்னிருவரும் அந்த ஆண்டில்தான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர். உலகக் கணித அறிஞர் அதனை வியந்து வரவேற்றதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம்.

எனினும் அந்த முறையும் பகா எண்ணா, அன்றா என்பதை மட்டுமே சொல்லும். காரணி எது என்று சொல்லாது. இந்த இடைவெளிமேல்தான் இன்று நம் செல்வமும் மறைச்செய்திகளும் பாதுகாக்கப்படுகின்றன. 1977ஆம் ஆண்டு ரிவெசுட்டு, சமீர், ஏடில்மன் என்னும் மூவர் ஒரு பூட்டு முறையை வகுத்தனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, வந்த எண்ணை எல்லார்க்கும் வெளிப்படையாக அறிவித்துவிடலாம். அதனைக் கொண்டு யாரும் செய்தியைப் பூட்டலாம்; திறப்பதற்கோ அவ்விரு பகா எண்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாண்டில் 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றைத் தந்து, முடிந்தால் பகுத்துப் பாருங்கள் என்று அறைகூவினர். 1994ஆம் ஆண்டு ஏறத்தாழ 600 தன்னார்வலர் தம் கணிப்பொறிகளைக் கொண்டு எட்டு மாதம் உழைத்து, 64 இலக்க எண் ஒன்றும் 65 இலக்க எண் ஒன்றுமாக அதனைப் பகுத்தனர். அதன்பின் பூட்டுக்குரிய எண்களை இன்னும் நீளமாக்கிக்கொண்டனர்.

இங்கே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். பெரிய எண்ணை விரைந்து பகுக்கும் முறை, இன்று வழக்கிலுள்ள கணிப்பொறிகளுக்கு ஏற்றவாறு இதுவரை எவராலும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு முறை இருக்கவே முடியாது என்று எவரேனும் நிறுவியிருக்கின்றனரா? இல்லை. 91இல் இடறிய மாணவனும், 4294967297இல் இடறிய பெர்மாவும் நின்ற அதே இடத்தில்தான் இப்பெரும் பூட்டை நம்பியிருக்கும் உலகமும் நிற்கிறது. காணவில்லை என்பதை அறிவோம். இல்லை என்பதை அறியோம். அதனை அறியப் போகிறவர் இன்று பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் உங்களுள் ஒருவராக இருத்தலும் கூடும்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். 2021, 2027 என்னும் இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பகா எண். மற்றொன்று பகு எண். இரண்டின் எல்லைக்குள்ளும் வருபவை நாம் முன்பு பயன்படுத்திய அதே பதினான்கு பகா எண்களே. எது எது என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். பாதியில் சலித்து விட்டுவிடாதீர்கள். இறுதி எண்வரை வகுத்துப் பார்த்த பின்னரே விடையை எழுதுங்கள்.